மஞ்சள் விளக்கைக் கழற்றி வைப்பதா, எழுதி வைப்பதா?

களுவாஞ்சிகுடியிலிருந்து பழைய மாணவர் ஒருவர் அழைத்தார். "சேர், எங்கள் ஒழுங்கையில் மிஞ்சியிருந்த மஞ்சள் வீதி விளக்கையும் போன கிழமை கழற்றி எல்.ஈ.டி. போட்டுவிட்டார்கள். கழற்றியதை வாங்கி வைக்கலாமா?" அதற்குச் சில நாட்கள் முன்பு அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். அவருடைய வாப்பா வாழ்நாள் முழுக்க மின்வேலை செய்தவர். அவர் மௌத்தான பிறகு களஞ்சிய அறையைத் திறந்தால் ஓர் உரப்பை நிறைய, அதே மஞ்சள் விளக்குகளுக்குள் எரியும் சோடியம் குமிழ்கள். எறிவதா, வைப்பதா? மூன்றாவது ஆள் மட்டக்களப்புக் கல்லடியில் என் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய ஆசை பெரியது: பத்து விளக்குகளை முழுதாகச் சேர்த்து மதிலில் வரிசையாக மாட்ட வேண்டுமாம்.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இருவரை ஏமாற்றியதாகிவிடும். எனக்கு இதில் இருபது வருடப் பைத்தியம் உண்டு. அந்தப் பைத்தியத்தில் கரியாக்கிய காசுக்கும், ஒரு மாரிகால இரவில் முகத்துக்கு முன்னால் வெடித்த ஒரு கப்பாசிட்டருக்கும் ஈடாகக் கிடைத்த அறிவை இங்கே வைக்கிறேன். வழிகள் மூன்று: விளக்கை முழுதாக வாங்கி வைப்பது, குமிழ்களை மட்டும் சேர்ப்பது, விளக்கு நின்ற இடத்திலேயே அதைப் படமும் எழுத்துமாகப் பதிவு செய்வது.

## எதைச் சேர்க்கிறோம்?

மஞ்சளாக எரிந்ததெல்லாம் ஒரே சாதி என்று பலர் நினைக்கிறார்கள். சோடியம் விளக்கில் இரண்டு வகை உண்டு.

மூத்தது தாழ் அழுத்த சோடியம். 1932இல் பிலிப்ஸ் நிறுவனம் நெதர்லாந்தின் வீதிகளில் இதை ஏற்றியது. ஏற்றியவுடன் நியோன் வாயுவின் சிவப்பு தெரியும். சோடியம் சூடாகி ஆவியாகப் பத்து நிமிடம் வரை பிடிக்கும். அதன் பிறகு வருவது ஒரேயொரு மஞ்சள்: 589.0, 589.6 நானோமீற்றரில் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு கோடுகள், வேறெதுவும் இல்லை என்றே சொல்லலாம். அந்த ஒளியில் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் சாம்பலும் கறுப்புமாகத்தான் தெரியும்.

இளையது உயர் அழுத்த சோடியம். சூடான சோடியம் ஆவி சாதாரணக் கண்ணாடியை அரித்துத் தின்றுவிடும். அதைத் தாங்கும் குழாய் இல்லாமல் இந்த விளக்கு முப்பது வருடம் பிறக்காமலே கிடந்தது. 1950களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் றொபர்ட் கோபிள் என்பவர் ஒளியைக் கடத்தும் அலுமினாப் பீங்கானைச் செய்தார். 1960களின் நடுவில் விளக்கு விற்பனைக்கு வந்தது. குமிழுக்குள் பால் வெள்ளையாக ஒரு குச்சி தெரிகிறதே, அதுதான் அந்தப் பீங்கான் குழாய். இதன் ஒளி செம்மஞ்சள், ஏறத்தாழ 2000 கெல்வின். நிறங்களைக் காட்டும் திறனுக்கு 100 புள்ளி என்றால் இதற்கு 20 முதல் 25தான் கிடைக்கும். மாலையில் வீதியோரம் மீன் விற்பவர்கள் சோடியம் விளக்கின் கீழேயே ஒரு வெள்ளைக் குமிழையும் தொங்கவிட்டது இதனால்தான். செவுளின் சிவப்பு தெரியாவிட்டால் யார் மீன் வாங்குவார்கள்?

நம் பக்கத்தில் என் கைக்கு வந்ததெல்லாம் உயர் அழுத்த வகைதான். ஆனாலும் கையில் கிடைத்ததை நம்பாமல் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பழைய சீடி ஒன்றைச் சாய்த்துப் பிடித்து எரியும் விளக்கின் பிரதிபிம்பத்தைப் பாருங்கள். தாழ் அழுத்தம் என்றால் ஒற்றை மஞ்சள் உருவம் மட்டும் தெரியும். உயர் அழுத்தம் என்றால் பச்சையிலிருந்து சிவப்புவரை ஒரு பட்டை, அதில் மஞ்சளுக்கு நடுவே ஒரு கறுப்பு இடைவெளி. குழாயின் ஓரத்தில் இருக்கும் குளிர்ந்த சோடியம் ஆவி, நடுவிலிருந்து வரும் தன் சொந்த நிறத்தையே விழுங்கிவிடுவதால் வரும் இடைவெளி அது. நீலமும் பச்சையும் மஞ்சளும் தனித்தனி உருவமாகப் பிரிந்தால் அது மெர்குரி விளக்கு. அதைச் சேர்ப்பது வேறு கதை.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது உப்பு. கல்லடியில் எங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது என்றால், தலைமுறை தலைமுறையாக அதற்கு யாரோ நிறம் பூசிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். உங்கள் களஞ்சிய அறையில் இருக்கும் விளக்குக்கு யார் பூசப் போகிறார்கள்? காத்தான்குடி, கல்முனை, நிந்தவூர், திருக்கோவில் எங்கும் இதே கதைதான். அம்பாறை நகரிலோ உகணையிலோ இருப்பவர்கள் இந்த ஒரு விடயத்தில் கொடுத்து வைத்தவர்கள்.

இரண்டாவது வெள்ளமும் அலையும். 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் 26, 2011 ஜனவரி வெள்ளம் என்று இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு. எங்கள் வீட்டில் 2004இல் போனது ஆல்பம் முழுவதும். நீங்கள் சேர்ப்பது எதுவானாலும் அது ஒரே இடத்தில் மட்டும் இருக்குமா, இரண்டு இடத்தில் இருக்க முடியுமா என்று கேளுங்கள். இரும்பை இரண்டு இடத்தில் வைக்க முடியாது.

மூன்றாவது உரிமை. கம்பம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தினுடையது. அதில் மாட்டிய விளக்கு பெரும்பாலும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபையின் பொறுப்பு. கழற்றிக் குவித்த பிறகும் அது பொதுச் சொத்துத்தான். ஏலத்திலோ, எழுத்து மூல அனுமதியிலோ, பற்றுச்சீட்டுத் தரும் பழைய இரும்புக் கடையிலோ வாங்கலாம். கம்பத்தில் ஏறிக் கழற்றுவது களவு மட்டுமல்ல, உயிருக்கும் உலை.

நான்காவது காலம். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்தபோது நாடெங்கும் வீதி விளக்குகளை அணைக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எல்.ஈ.டி.க்கு மாறுவது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நியாயம்தான், 250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் செம்புச் சுருள்) சேர்த்து 275, 280 வாட் இழுக்கும். ஆக, உங்களுக்கு இருக்கும் அவகாசம் குறைவு.

காசையும் ஆபத்தையும் நான் தனியாகப் பிரிக்கவில்லை. அவை ஒவ்வொரு வழியிலும் வெவ்வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன.

## வழி ஒன்று: விளக்கை முழுதாக வாங்கி வைப்பது

ஆசையைக் கிளப்புவது இதுதான், மறுக்கவில்லை. தரையில் இறக்கி வைத்த வீதி விளக்கைப் பார்த்தவர்கள் முதலில் சொல்வது, "இவ்வளவு பெரிதா!" கீழிருந்து பார்க்கும்போது ஒரு முழ நீளம்கூட இருக்காது போலத் தோன்றும். கையில் தூக்கினால் ஒரு சின்னக் குழந்தையின் பாரம். வார்ப்பு அலுமினியக் கூடு, உள்ளே பளபளக்கும் பிரதிபலிப்பான், அடியில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ ஆன கிண்ணம், பின் அறையில் சோக், இக்னைட்டர், கப்பாசிட்டர். இவை ஒன்றுசேர்ந்து இருந்தால்தான் ஒருவர் வந்து பார்த்து "இப்படித்தான் வேலை செய்தது" என்று புரிந்துகொள்ள முடியும். குமிழ் தானாக எரியாது. இக்னைட்டர் சில ஆயிரம் வோல்ட் துடிப்புகளை அனுப்பிப் பற்ற வைக்கும். பற்றிய பிறகு குமிழ் கட்டுக்கடங்காமல் மின்னை இழுக்காமல் சோக் அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். சோக்கினால் குழம்பும் மின்னோட்டத்தைக் கப்பாசிட்டர் சரிப்படுத்தும்.

இனிச் செலவுக்கு வருவோம். பழைய இரும்புக் கடைக்கு வரும் விளக்கில் முதலில் காணாமல் போவது சோக். உள்ளே செம்பு இருக்கிறதல்லவா. கூடு முழுசாக இருக்கும், பின் அறை வெறுமையாக இருக்கும். வேறு சோக் தேடிப் போட்டால் வாட் பொருந்த வேண்டும். 70 வாட் குமிழுக்கு ஏறத்தாழ 1 அம்பியர், 150க்கு 1.8, 250க்கு 3, 400க்கு நாலரை அம்பியர் அளவில் சோக் வேண்டும். பல வருடத்துக்கு முன் ஒரு கடையில் "எல்லாம் சரி, அப்படியே மாட்டலாம்" என்று சொல்லித் தந்த 150 வாட் விளக்குக்குள் 250 வாட் சோக் இருந்தது. மேலட்டையைப் படிக்காமல் ஏற்றினேன். குமிழ் அளவுக்கு மீறிப் பிரகாசித்து அன்றிரவே செத்தது. தப்பு கடைக்காரர் மேல் பாதி, கண்ணாடி போடாமல் படித்த என் மேல் பாதி.

கூட்டைத் திறக்கவே இரண்டு நாள் பிடிக்கும். அலுமினியக் கூட்டில் இரும்புத் திருகாணி, இடையில் உப்பு. இரண்டும் கல்யாணம் செய்துகொண்டது போல ஒட்டியிருக்கும். துருநீக்கி எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் திருகாணியின் தலை கையோடு வரும். திறந்த பிறகு உள்ளே குளவிக்கூடும் பல்லி முட்டையும் இருக்கும், அதற்கும் தயாராகத் திறக்க வேண்டும். குளவி உயிரோடு இருந்தால் ஓடத் தயாராக.

உண்மையான ஆபத்துகள் வேறு. 1980களுக்கு முந்தைய கப்பாசிட்டர்களில் பீ.சீ.பீ. என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். பழைய உலோகக் குடுவைக் கப்பாசிட்டர் வீங்கியிருந்தாலோ கசிந்திருந்தாலோ கையுறை இல்லாமல் தொடவே கூடாது. விளக்கை எரியவிட வேண்டிய அவசியமும் இல்லை. கண்காட்சிக்கு உடம்பு இருந்தால் போதும், அந்த உறுப்பைத் துண்டித்துவிட்டுப் புதிய கப்பாசிட்டரைப் போடலாம். மிகப் பழைய கூடுகளில் வெப்பம் தாங்குவதற்காக வயர்களில் சுற்றிய வெள்ளை நார் உறை அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைச் சுரண்டாதீர்கள். இக்னைட்டர் துடிப்பு பழைய ஹோல்டரின் வெடிப்பு வழியாகக் கூட்டுக்கே பாயும். ஆகவே நில இணைப்பும் ட்ரிப் சுவிட்ச்சும் இல்லாமல் ஏற்றக் கூடாது. தகுதியுள்ள மின்வேலையாளரை அழைக்க மனம் வராவிட்டால், எரிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

எரித்தால் மாதக் கட்டணமும் சுடும். 280 வாட், இரவுக்கு நான்கு மணி நேரம், முப்பது நாள்: 33 அலகுக்கு மேல். நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. இந்த 33 அலகு மொத்தப் பாவனையையும் அடுத்த படிக்குத் தள்ளினால் அந்த மாதச் சீட்டைப் பார்த்து வீட்டில் நடக்கும் பேச்சையும் செலவில் சேர்க்க வேண்டும். பத்து விளக்கு மாட்ட நினைத்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் இந்தக் கணக்கைப் பத்தால் பெருக்கிக் காட்டினேன். தேநீரை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? கடலிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்ந்த, ஈரமில்லாத அறை உள்ளவர்களுக்கு. பாடசாலை, நூலகம், தொழில்நுட்பக் கல்லூரி போல ஆட்கள் மாறினாலும் அறை மாறாத இடங்களுக்கு இன்னும் நல்லது. எண்ணிக்கை வேண்டாம். ஒரு வடிவத்துக்கு ஒன்று, அதுவும் உள்ளுறுப்புகள் குறையாமல் இருந்தால் போதும்.

## வழி இரண்டு: குமிழ்களை மட்டும்

செலவு குறைவு, இடம் குறைவு, வேகமாகச் சேரும். 70 வாட் குமிழுக்கு வீட்டுக் குமிழ் போன்ற ஈ27 திருகு, 150, 250, 400 வாட்டுக்குப் பெரிய ஈ40 திருகு. நீளக் குழாய் வடிவமும், உள்ளே வெள்ளைப் பூச்சுள்ள முட்டை வடிவமும் உண்டு. தலையிலோ கழுத்திலோ நிறுவனம், வாட், நாடு, சிலவற்றில் உற்பத்திக் காலத்தைக் குறிக்கும் சுருக்கக் குறி எல்லாம் அச்சிட்டிருக்கும். அந்த அச்சுத்தான் குமிழின் பிறப்புச் சான்றிதழ். தூசு என்று ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் சான்றிதழ் துணியோடு போய்விடும். தூரிகையால் தட்டினால் போதும்.

நல்ல குமிழையும் செத்த குமிழையும் கண்ணாலேயே ஓரளவு பிரிக்கலாம். வெளிக் குமிழின் உள்பக்கத்தில் வெள்ளிக் கண்ணாடி போல ஒரு பொட்டு இருக்கும், மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சுவதற்கான பேரியப் படிவு. அந்தப் பொட்டு பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, இனி எரிக்க முயல வேண்டாம். பீங்கான் குச்சியின் இரு முனையும் கறுத்திருந்தால் வயதாகிவிட்டது. வீதியில் சில விளக்குகள் எரிந்து, அணைந்து, சில நிமிடம் கழித்து மறுபடி எரிந்து கண்ணாமூச்சி ஆடியது நினைவிருக்கிறதா? வயதான குமிழுக்கு வோல்ட் தேவை கூடும், ஒரு கட்டத்தில் மின்சுற்றால் அதைக் கொடுக்க முடியாமல் போகும், அணையும், ஆறிய பின் மறுபடி பற்றும். பாவம், கிழவனின் இருமல் அது. அப்படிச் செத்த குமிழும் சேகரிப்புக்கு ஏற்றதுதான். சேகரிப்பவர்கள் புதிய குமிழை மட்டும் தேடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலை செய்து செத்ததில்தான் வீதி இருக்கிறது.

மறைந்த செலவு இங்கே சிறியது, ஆனால் நச்சானது. உயர் அழுத்தக் குமிழுக்குள் சோடியத்தோடு பாதரசமும் சில மில்லிகிராம் முதல் இருபது முப்பது மில்லிகிராம் வரை கலந்திருக்கும். பீங்கான் குழாய் இலகுவில் உடையாது. உடைந்தால் கதவு யன்னலைத் திறந்து வெளியேறி, காற்றாட விட்டு, பிறகு கையுறையோடு மட்டையால் கூட்டி, இறுக்கமாக மூடும் போத்தலில் போடுங்கள். விளக்குமாறும் தூசுறிஞ்சியும் வேண்டாம், அவை நச்சை அறை முழுக்கப் பரப்பும். உரப்பையில் குவித்து வைத்திருந்த அந்தத் தங்கைக்கு நான் முதலில் சொன்னது, "பையை இழுக்காதீர்கள், குலுக்காதீர்கள், பிள்ளைகளை அறைக்குள் விடாதீர்கள்" என்பதுதான்.

எப்போதாவது தாழ் அழுத்தக் குமிழ் ஒன்று கைக்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். நீளக் கண்ணாடிக்குள் யூ வடிவக் குழாய், அதில் அங்கங்கே வெள்ளி நிறத் துளிகள் தெரியும். அது உலோகச் சோடியம். உடைந்து தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். வெள்ளம் வரும் ஊரில் அதைத் தரையில் வைப்பவர் தன் வீட்டில் தானே வெடி வைத்தவர். அலுமாரியின் மேல் தட்டில், படுக்கையாக, ஈரம் புகாத பெட்டியில் வையுங்கள். பிலிப்ஸ் 2010களின் இறுதியில் இவற்றைச் செய்வதை நிறுத்தியதால் இருப்பது அரிது. அதனால்தான் கெடுக்காமல் வைக்கச் சொல்கிறேன்.

நம் ஊரில் குமிழுக்கு இன்னொரு எதிரி கறையான். அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்ட விலையும் பெயரும் அதற்குத் தேன். பீ.வீ.சீ. குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, இரு முனையையும் மூடினால் ஒரு குமிழுக்கு ஒரு வீடு கிடைக்கும். பெட்டி அசலாக இருந்தால் அதைத் தட்டையாக மடித்துப் பொலித்தீன் உறையில் தனியே வையுங்கள்.

இந்த வழி சின்ன வீட்டில் வாழ்பவருக்கும், வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறுபவருக்கும் ஏற்றது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இவை எல்லாம் வேறெங்கோ ஆலைகளில் கோடிக்கணக்கில் செய்தவை. உங்கள் கையில் இருக்கும் குமிழுக்கு அச்சொத்த உடன்பிறப்பு இன்னொரு நாட்டுச் சேகரிப்பாளரிடம் இருக்கும். அதை நம் ஊர்க் குமிழாக்குவது அதனோடு நீங்கள் கட்டிவிடும் ஒரு துண்டுச் சீட்டுத்தான்: எந்த வீதி, எந்தக் கம்பம், யார் கழற்றியது, எந்த நாள். சீட்டில்லாத குமிழ் வெறும் கண்ணாடி.

## வழி மூன்று: நின்ற இடத்திலேயே பதிவு

என் மனம் சாய்வது இந்தப் பக்கம். மறைக்கப் போவதில்லை.

வேண்டியது ஒரு கைத்தொலைபேசி, ஒரு கொப்பி, ஒரு முக்காலித் தாங்கி, பழைய சீடி. கம்பத்தில் நிறத்தால் எழுதிய எண் இருந்தால் அதுதான் முதல் குறிப்பு. அது அழிந்திருந்தால் பக்கத்து மதில், கடை, கோயில், பள்ளிவாசல் எதையாவது அடையாளமாக எழுதுங்கள். பிறகு கம்பம் கொங்கிரீட்டா, இரும்பா, மரமா; விளக்கைத் தாங்கும் கை எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சாய்வு; கிண்ணம் ஆழமானதா, தட்டையா; மேலே, இருட்டினால் விளக்கைத் தானாக ஏற்றும் ஒளியுணரி மொட்டு இருக்கிறதா, அல்லது கம்பிகளோடு ஓடும் வீதி விளக்குக்கான தனிக் கம்பியால் ஏற்றி அணைத்தார்களா. இவ்வளவும் பகலில் கீழே நின்றே எழுதக்கூடியவை.

படம் எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கைத்தொலைபேசிக்கு மஞ்சள் என்றால் நோய். கண்டவுடன் வைத்தியம் பார்த்து வெள்ளையாக்கிவிடும். வெண்சமநிலையை (white balance) பகல் வெளிச்சத்தில் நிலைநிறுத்திவிட்டு எடுங்கள், செம்மஞ்சள் செம்மஞ்சளாகவே நிற்கும். முடிந்தால் சுருக்காத மூலக்கோப்பாக (RAW) சேமியுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் விளக்கு ஒரு வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. மிக வேகமான மூடியில் (shutter) எடுத்தால் படத்தில் பட்டை விழும். ஒரு வினாடியில் 50இல் ஒரு பங்கு வேகத்திலோ அதற்கு மெதுவாகவோ எடுங்கள். காணொளியாக எடுத்தால் வினாடிக்கு 30க்குப் பதில் 25 சட்டகம் (frame).

ஒரே கம்பத்தை மூன்று வேளையில் எடுக்க வேண்டும்: பகல், நடு இரவு, இரண்டுக்கும் இடையிலான மாலை. மாலைதான் கஷ்டம். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பொழுது சாய்ந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். வானம் இன்னும் நீலமாக, விளக்கு மெல்லச் சிவந்து மஞ்சளாகும் அந்த நாலைந்து நிமிடத்தைப் பிடிக்க ஒரு மாலைக்கு ஒரு கம்பம்தான் முடியும். இருபது கம்பம் என்றால் இருபது மாலை. இந்த வழியின் பெரிய மறைசெலவு இதுதான். காசு போகாது, மாலைகள் போகும்.

ஒலியையும் விட்டுவிடாதீர்கள். சோக்கின் ரீங்காரம் 100 ஹேர்ட்ஸ், நிசப்தமான இரவில் கம்பத்தடியில் தெளிவாகக் கேட்கும். கல்லடிப் பாலத்துக்குப் பாடும் மீனைக் கேட்க வந்த ஒரு வெளியூர்க்காரர், கம்பத்தில் காதை வைத்துக் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். திருத்த மனம் வரவில்லை.

பிறகு ஆட்கள். விளக்கின் கீழ் கச்சான் விற்றவர், கரம் ஆடியவர்கள், வெளி விறாந்தையில் உட்கார்ந்து வீதி வெளிச்சத்தில் படித்தவர்கள், ஏணியோடு வந்து குமிழ் மாற்றிய ஊழியர்கள். முதல் மழைக்கு ஈசல் எந்த விளக்கைச் சுற்றியது என்று கேளுங்கள். வெள்ளை விளக்கை மொய்த்த அளவு மஞ்சளை மொய்க்காது என்பதைக் கடை வைத்திருந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பேச்சைப் பதிவு செய்ய முன் அனுமதி கேளுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள்.

சபையில் இருக்கும் கணக்கும் உங்களுக்குத் திறந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்த வீதியில் எத்தனை விளக்கு, எத்தனை வாட், எப்போது மாற்றினார்கள் என்று உள்ளூராட்சி சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள். "எல்லா வீதி விளக்குகளின் வரலாறு" என்று கேட்டால் யாருக்கும் தலை சுற்றும்.

ஆபத்து இங்கே மின்சாரத்தால் அல்ல. பொலிஸ் நிலையம், படை முகாம் பக்கம் இரவில் தாங்கி வைத்துப் படமெடுக்க வேண்டாம். ஒழுங்கைக்குள் போகும்போது பகலிலேயே அயலவரிடம் சொல்லி வையுங்கள், முடிந்தால் அந்த ஒழுங்கைப் பிள்ளை ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். இங்கினியாகலைப் பக்கமும் பொத்துவிலிலிருந்து பாணமை போகும் வழியிலும் இரவு யானைக்குச் சொந்தம். அங்கே மாலைப் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோப்புகளை மூன்று பிரதி வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று உள்நாட்டில் இருக்கும் உறவினர் வீட்டில், ஒன்று இணையக் களஞ்சியத்தில். 2004இல் நாங்கள் இழந்த ஆல்பத்துக்கு ஒரு பிரதி பதுளையில் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத வருடம் இல்லை.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | முழு விளக்கு | குமிழ் மட்டும் | இடத்திலேயே பதிவு |
|---|---|---|---|
| உப்பு, ஈரம் | மிகவும் பாதிக்கும் | திருகு மூடியை மட்டும் அரிக்கும் | பாதிக்காது |
| வெள்ளம் | தூக்கி ஓட முடியாது | ஒரு பெட்டியோடு ஓடலாம் | பிரதி இருந்தால் கவலையில்லை |
| ஆபத்து | மின்சாரம், பழைய கப்பாசிட்டர் | பாதரசம், உடைவு | இரவு வீதி, யானை |
| மறைந்த செலவு | சோக், கட்டணம், இடம் | பெட்டி, கறையான் | மாலைகள் |
| உரிமை | கட்டாயம் கேட்க வேண்டும் | கழற்றியதானால் கேட்க வேண்டும் | வீதியிலிருந்து பார்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை |
| காலம் | ஏலம் வரும்வரை | பெட்டிக்குள் காத்திருக்கும் | விளக்கு எரியும்வரை மட்டும் |

கடைசி வரிசையைப் பாருங்கள். மற்ற இரண்டையும் விளக்கு இறங்கிய பிறகும் செய்யலாம். பதிவை மட்டும் பிறகு செய்ய முடியாது. எதைத் தெரிவு செய்தாலும் பதிவை முதலில் முடியுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

## யாருக்கு எது

அக்கரைப்பற்றுத் தங்கைக்கு இரண்டாவது வழி. குமிழ்கள் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன, எறிந்தால் பாதரசம் குப்பைக்குப் போகும். ஒவ்வொன்றாக எடுத்துப் படம் பிடித்து, வகைக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொண்டு, மிச்சத்தை உடைக்காமல் இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்கச் சொன்னேன். வாப்பாவோடு வேலை செய்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, குமிழ்களை மேசையில் பரப்பிவிட்டுப் பேச விட்டால் பதிவும் தானாக நடக்கும். அவர் அதைச் செய்துவிட்டார். ஒன்றைக் கையில் எடுத்த, வாப்பாவோடு வேலை செய்த ஒரு காக்கா, "இது சின்னப் பள்ளிவாசல் முடக்கில் இருந்தது, இந்தக் கீறல் என் குறடு போட்டது" என்றாராம்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒரே ஒரு விளக்கு. அதுவும் 70 வாட். மதிலில் மாட்டாமல் விறாந்தைக்கு உள்பக்கம், வருடத்தில் நாலு நாள் எரிக்க. மிச்ச ஒன்பதுக்கும் பதிலாக அவரிடம் கார் இருக்கிறது, என்னை மாலைகளில் கம்பம் பார்க்கக் கூட்டிப் போகலாம். அரைமனதோடு ஒத்துக்கொண்டார்.

களுவாஞ்சிகுடி மாணவருக்குச் சொல்வதுதான் சங்கடமாக இருந்தது. விளக்கு இறங்கிவிட்டது, எரியும் படம் இனி இல்லை. கழற்றியதைக் கேட்டு சபைக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். கடிதத்தில் கம்பத்தின் எண்ணைக் குறிப்பிடவும், பிறந்தநாள், கல்யாணம், கோயில் திருவிழா என்று ஒழுங்கைக்காரர் எடுத்த பழைய படங்களின் பின்னணியில் அந்த விளக்கு எங்காவது விழுந்திருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்கவும் சொன்னேன். மூன்றாம் நாள் இரண்டு படம் அனுப்பினார். ஒன்றில் ஒரு சாமத்திய வீட்டுப் பந்தலுக்கு மேல், சரியாகக் கவனம் படாமல், ஒரு மஞ்சள் உருண்டை. மற்றது நேற்று எடுத்தது: புதிய வெள்ளை விளக்குக்கு எதிர்ப்பக்கம், பழைய விளக்கின் வளைந்த இரும்புக் கை இன்னும் கம்பத்திலேயே நிற்கிறது. நுனியில் இரண்டு வயர் நாடாவால் சுற்றித் தொங்குகிறது. அதையும் கழற்ற முன் சனிக்கிழமை அளவு நாடாவோடு போகிறோம். அண்ணன் காரை எடுக்கிறார்.